குக்கரா, சூட்டுக்காற்று மெஷினா? வீட்டில் பாப்கார்ன் பொரிக்கும் வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "சாப்பிட என்ன இருக்கிறது?" என்பதுதான். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் அதற்குப் பதில் பாப்கார்ன். பல ஆண்டுகள் குக்கரில் பொரித்தோம். நடுவில் சில மாதங்கள் மைக்ரோவேவ் பை. கடந்த இரண்டு ஆண்டுகளாக, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய சிறிய சூட்டுக்காற்று மெஷின். பொரிவது ஒரே சோளம்தான் என்றாலும் கிண்ணத்தில் வந்து விழுவது மூன்று வெவ்வேறு பண்டங்கள். சோளத்தோடு எண்ணெய் எப்போது சேர்கிறது, வெடிப்பதற்கு முன்பா பின்பா என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது. ருசி, மொறுமொறுப்பு, உப்பு ஒட்டுவது, பாத்திரம் கழுவும் வேலை எல்லாமே அந்த ஒன்றிலிருந்து கிளைக்கின்றன.

முதலில் மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெஷின் மீது வரும் குறைகளில் பாதி உண்மையில் மணியின் குறைகள். பாப்கார்ன் சோளம் தனி வகை. பெரம்பலூர்ப் பக்கம் காடு காடாக விளைந்து கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்தை எந்த மெஷினில் போட்டாலும் அது கருகுமே தவிர மலராது. பாப்கார்ன் மணியின் தோல் கெட்டியானது. உள்ளே எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் அழுத்துகிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் தோல் தாங்காமல் கிழிகிறது. குழைந்திருந்த மாவு நுரைத்து வெளியே பாய்ந்து, அந்தக் கணமே ஆறி நுரை வடிவத்தில் உறைகிறது. அதுதான் பொரி.

ஆகவே பிரித்த பாக்கெட்டை வாய் கட்டாமல் விட்டு மணி காய்ந்துபோனால், குக்கரானாலும் மெஷினானாலும் அடியில் பொரியாத மணிகள் குவியும். இதற்கு எளிய கைவைத்தியம் உண்டு. அரைக் கிலோ மணியை மூடியுள்ள பாட்டிலில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். அவ்வப்போது குலுக்கிவிட்டால் ஈரம் எல்லா மணிக்கும் பரவும். மெஷின் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மெஷினின் உள்ளே

மலிவு விலை மெஷினைத் திறந்து பார்த்தால் முடி உலர்த்தும் கருவியின் பெரிய அண்ணன் போல இருக்கும். அடியில் ஒரு விசிறி, அதன் மேல் சூடேறும் கம்பிச்சுருள், அதற்கும் மேல் அலுமினியக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தை வாங்கும்போதே எட்டிப் பாருங்கள். காற்று வரும் கீறல்கள் பக்கச் சுவரில் சாய்வாக இருந்தால் மணிகள் பம்பரம் போல் சுற்றிக்கொண்டே சூடாகும், ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது. அடியில் சல்லடை வைத்து நேராக மேலே காற்று விடும் வகையில் மணிகள் அந்த அளவு சுழல்வதில்லை. வீட்டில் பச்சைக் காப்பிக்கொட்டை வறுக்க இந்த மெஷினைத் தேடி வாங்குகிற காப்பிப் பிரியர்களும் பக்கக் கீறல் வகையைத்தான் விரும்புகிறார்கள். சீராக வறுபடுவது அவர்களுக்கும் முக்கியம்.

சுவிட்சைப் போட்டதும் முதல் ஒரு நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு மணி வெடிக்கும், இரண்டு, அதன் பின் மழை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பொரியைப் பிரித்தெடுக்க ஆள் தேவையில்லை என்பதுதான். வெடித்த மணி பல மடங்கு பருத்து லேசாகிவிடுகிறது. எடையுள்ள மணிகள் அடியிலேயே சுற்ற, லேசானதைக் காற்று தூக்கி வாய் வழியே கிண்ணத்தில் தள்ளிவிடுகிறது. வெடித்த பொரி சூட்டில் தங்குவதே இல்லை என்பதால் கருகலும் இல்லை. நீராவியையும் காற்றே அடித்துக்கொண்டு போய்விடுவதால் பொரி காய்ந்து, வாயில் போட்டதும் நொறுங்குகிறது.

குறைகளும் உண்டு. வெடிப்பு தொடங்குவதற்கு முன் சில பச்சை மணிகள் வெளியே பறக்கும்; கடைசியில் இன்னும் சில சூடாகத் தெறிக்கும். மெஷினைத் தொடக்கத்தில் சற்றே பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வெடிப்பு பிடித்ததும் நேராக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குழிவான பாத்திரத்தை வாயோடு ஒட்டி வையுங்கள். குழந்தைகள் முகத்தை அருகே கொண்டு வர விடாதீர்கள். கொடுத்திருக்கும் அளவுக் கரண்டிக்கு மேல் மணி போடக் கூடாது. சுமை கூடினால் மணி சுழலாமல் நின்று அங்கேயே தீயும். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ போகக் கூடாது. அது கீறல் வழியே கம்பிச்சுருளில் இறங்கினால் புகை, அதற்கு மேல் தீ.

குக்கர் தரும் ருசி

என் அம்மாவின் முறை இது. ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், மூன்று மணிகள். மூன்றும் வெடித்ததும் அரைக் கோப்பை மணி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடியை மேலே சும்மா சாய்த்து வைப்பது. வெயிட்டைப் போட்டு மூடுவது ஆபத்து. ஆபத்து ஒருபுறம் இருக்க, ஆவி வெளியேறாமல் பொரி ரப்பர் போலாகிவிடும். கைப்பிடித் துணியோடு அம்மா குக்கரை நொடிக்கொரு முறை ஆட்டிக்கொண்டிருப்பார். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நொடி இடைவெளி வந்தால் அடுப்பை அணைப்பார். அந்தக் காது இல்லாதவர்களுக்கு அடி கருகிப்போகும்.

ருசியில் இதை மெஷின் வெல்ல முடியாது என்பதே என் முடிவு. எண்ணெய் ஒவ்வொரு மணியையும் சுற்றிப் பூசி, சூட்டைத் தோல் முழுவதும் கொண்டுபோகிறது. உப்பும் மஞ்சளும் அந்த எண்ணெயோடு மணியின் மேல் ஏறி, வெடித்த பின் பொரியின் மடிப்புகளிலும் நிற்கின்றன. சிகாகோவில் சார்லஸ் கிரெட்டர்ஸ் 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த நீராவி வண்டியும் கொழுப்பிலும் உப்பிலும் சோளத்தைப் பொரித்ததுதான். தியேட்டர் பாப்கார்னின் மணம் அந்த வழியில் வந்தது.

ஆனால் கணக்கு வேறு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. அம்மாவின் அளவில் அது 240 ஆகிறது, சோளத்தின் கலோரி தனி. பண்டிகைக்கு ஒருநாள் என்றால் அதைப் பேசவே வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் என்னும்போது பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதய மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் மெஷின் வந்தது. அவர் பாப்கார்னை விட வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையான நிறைவு.

உப்பும் நெய்யும்

மெஷின் பொரியில் உப்பு ஒட்டாது என்பது நியாயமான புகார். எண்ணெயே இல்லாத காய்ந்த பொரியின் மேல் உப்பைத் தூவினால் அது கிண்ணத்தின் அடிக்குப் போய்விடுகிறது. சிலர் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள், வேண்டாம். தண்ணீர் பட்ட இடத்தில் பொரி கண்ணெதிரே சுருங்கிப் பஞ்சு உருண்டையாகிவிடும். வெண்ணெயிலும் அதே சிக்கல் இருக்கிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். உருக்கி ஊற்றினால் மேல் பொரி நமுத்துப்போகும், அடிப் பொரிக்கு ஒன்றும் கிடைக்காது.

நம் சமையலறையில் இதற்குச் சரியான பொருள் நெய். காய்ச்சும்போதே தண்ணீர் போய்விடுவதால் அது பொரியைச் சுருக்குவதில்லை. நான் செய்வது இப்படி: சாதாரணத் தூள் உப்பையே மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மாவு போல ஆக்கி வைத்திருக்கிறேன். அகலமான பாத்திரத்தின் உட்சுவரில், பொரி விழுவதற்கு முன்பே, ஒரு தேக்கரண்டி உருகிய நெய்யைக் கையால் தடவிவிடுகிறேன். பொரி வந்து நிரம்பியதும் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிப் புடைப்பது போல் தூக்கிப் போட்டால் நெய் எல்லாவற்றிலும் மெல்லிதாய்ப் படிகிறது. சூடு ஆறும் முன் உப்பு மாவைத் தூவினால் ஒட்டிக்கொள்கிறது. இட்லிப் பொடியும் இப்படியே ஒட்டும். பூண்டுப் பொடி அதைவிட நன்றாக இருக்கும். மெஷினின் தலையில் இருக்கும் சிறு கிண்ணம் வெண்ணெய் உருக்குவதற்கென்று வைத்தது. மார்கழியில் உறைந்துபோன நெய்யை இளக்க அது போதும். மொத்தம் ஒரு தேக்கரண்டி நெய், 45 கலோரிக்குள் முடிகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இதற்கு ஈடு கட்ட முடியவில்லை. எண்ணெய்ப் பூச்சு குறைவாக இருப்பதால் மழைக்காலத்தில் மெஷின் பொரி சீக்கிரம் நமுத்துவிடுகிறது. டப்பாவில் போட்டு ரயில் பயணத்துக்கு எடுத்துப் போவதென்றால் நான் இன்னமும் குக்கரைத்தான் எடுக்கிறேன்.

மைக்ரோவேவ் பை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வசதியானது, கழுவ வேண்டியதும் எதுவுமில்லை. ஆனால் எந்த எண்ணெய், எவ்வளவு உப்பு, என்ன மணச்சாறு என்பதை நமக்காகத் தொழிற்சாலை முடிவு செய்துவிடுகிறது. வெண்ணெய் மணத்துக்குச் சேர்த்த டைஅசிடைல் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் பழுதானது அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆலையொன்றில் 2000ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. பையில் எண்ணெய் கசியாமல் இருக்கப் பூசிய பி.எஃப்.ஏ.எஸ். வகை ரசாயனங்கள் அங்கே உணவுக் காகிதங்களுக்காக இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024இல்தான் அறிவித்தது. நமக்குக் கிடைக்கும் பையில் என்ன பூச்சு இருக்கிறது என்று உறை மேல் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. அதனால் வீட்டில் அதை நிறுத்திவிட்டேன்.

செலவு என்று பார்த்தால், 1,200 வாட் மெஷின் மூன்று நிமிடம் ஓடினால் 0.06 யூனிட் மின்சாரம். ஒரு யூனிட்டுக்குப் பதினாறு முறை பொரிக்கலாம். போட்ட பணம் எண்ணெய் மிச்சத்திலேயே மெதுவாகத் திரும்பும். வாரம் ஒருமுறைகூடப் பொரிக்காத வீட்டில் அது திரும்பவே திரும்பாது. அவர்கள் இருக்கிற குக்கரையே வைத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளோ, எண்ணெய் குறைக்க வேண்டிய பெரியவர்களோ இருந்து, பாப்கார்ன் அடிக்கடி நடமாடும் வீடென்றால் மெஷினை வாங்குங்கள். பக்கக் கீறல் உள்ளதாக, சூடு மீறினால் தானே அணையும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

நம் பழைய வெள்ளைச் சோளத்தையும் இதில் பொரிக்கலாமா என்று ஆசைப்பட்டு ஒருநாள் போட்டுப் பார்த்தேன். மணி சிறிது, எடை குறைவு. சூடாவதற்கு முன்பே காற்று அள்ளி மேடை முழுக்க இறைத்துவிட்டது. அதற்கு இரும்புச் சட்டியும் மூடியும்தான் சரி. எண்ணெய்கூட வேண்டாம். சட்டி நன்றாகக் காய்ந்ததும் ஒரு கைப்பிடி போட்டு மூடி ஆட்டினால், மல்லிகை மொட்டு அளவில் வெள்ளையாக மலர்கிறது.