தாய்லாந்து ஓய்வுக்கால விசாவுக்குப் பணம் அனுப்பி ஏமாந்த விவரம்

பணி ஓய்வுக்குப் பிறகு தாய்லாந்தில் தங்க எண்ணி, இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப இருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். 2025 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ஒரு விசா முகவரையும் அவர் கைகாட்டிய அந்நியச் செலாவணி நிறுவனத்தையும் நம்பி 24 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். பணம் என் தாய்லாந்துக் கணக்குக்கு வந்துதான் சேர்ந்தது. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி விசா பெற முடியவில்லை. அதன் உண்மைக் காரணம் எனக்குத் தெரியவர மூன்று மாதங்கள் ஆயின.

ஐம்பது வயது நிறைந்தவர் ஓய்வுக்காலத் தங்கலுக்கு விண்ணப்பிக்க, தாய்லாந்து வங்கியில் தன் பெயரில் 8,00,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஓராண்டு நீட்டிப்புக் கேட்கும்போது, விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்த 8,00,000 கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதன் பிறகும் இருப்பு 4,00,000 பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இவற்றையெல்லாம் முகவர் சரியாகவே சொன்னார். விசா இல்லாமல் அப்போதிருந்த 60 நாள் அனுமதியில் நுழைந்து, அங்கேயே நீண்டநாள் தங்குவதற்கான ‘நான்-இமிகிரன்ட்’ (Non-Immigrant) விசாவுக்கு மாறுகிறவர், அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்பதற்கு வங்கிச் சான்று காட்ட வேண்டும் என்பதையும், அப்போது அனுமதியில் குறைந்தது 15 நாளாவது மீதமிருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. என்னை அப்படித்தான் அனுப்பிவைத்தார்.

“பேங்க்ல போனா ஏகப்பட்ட ஃபார்ம் கேப்பாங்க சார், நம்ம ஆளுங்க ரெண்டே நாள்ல போட்டுடுவாங்க” என்றார். ஒரு பாட்டுக்கு 2 ரூபாய் 68 காசு வீதம் 8,20,000 பாட்டுக்கு 21,97,600 ரூபாய். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் இதுபோல் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பணத்தை வாங்கும்போதே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் அதற்காக 2,39,520 ரூபாய். இரண்டையும் சேர்த்து அந்த நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பினேன். முகவருக்குக் கட்டணம் தனியாக 85,000 ரூபாய். பான் அட்டை நகலை வாங்கிக்கொண்டவர்கள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் தர வேண்டிய ஏ2 படிவத்தில் என்னிடம் கையெழுத்தே வாங்கவில்லை. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அது அன்றே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் என்றது இரண்டு வாரமாகி, ஜூன் தொடக்கத்தில் மூன்று தவணையாகப் பணம் வந்தது. அனுமதியில் 20 நாள் மீதமிருக்கையில் குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி பாஸ்புக்கைத் திருப்பி, மூன்று வரிகளிலும் தொகைக்கு முன்னால் அச்சாகியிருந்த குறியீட்டைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டுத் தலையசைத்தார். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு எஃப்டிடி என்று அச்சாகும். என்னுடைய மூன்று வரிகளிலும் உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கான குறியீடே இருந்தது. வங்கியில் சான்று கேட்டோம். பணம் தாய்லாந்துக்குள்ளேயே வேறொரு கணக்கிலிருந்து வந்திருக்கிறது, வெளிநாட்டு வரவு என்று எழுதித் தர இயலாது என்று பணிவாக மறுத்துவிட்டார்கள்.

முகவரிடம் கேட்டபோது, “பணம் வந்துடுச்சா இல்லையா சார், அதைச் சொல்லுங்க” என்றார். மறுநாள், 30,000 பாட் கொடுத்தால் உள்ளே ஆள் வைத்து முடித்துத் தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மறுபடி முறையாகப் பணம் வரவழைக்க நாள் போதாததால், தாய்லாந்தின் கடற்கரை ஊரான ஹுவா ஹின்னில் எடுத்திருந்த வாடகை வீட்டின் முன்பணத்தையும் விட்டுவிட்டு நானும் என் மனைவியும் கோவை திரும்பினோம்.

இது வெறும் கவனக்குறைவு அல்ல என்பது ஆகஸ்டில்தான் தெரிந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் போனபோது, என் பான் எண்ணில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ ஆடிட்டர் திறந்து பார்த்தார். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் என் பான் எண்ணின் மீது டிசிஎஸ் ஒரு ரூபாய்கூடக் கட்டப்பட்டிருக்கவில்லை. அப்போதுதான் இரண்டு முனைகளும் எனக்கு ஒன்றுசேர்ந்தன. அங்கே பாஸ்புக்கில் எஃப்டிடி இல்லை. இங்கே 26ஏஎஸ்-இல் வரி இல்லை. என் ரூபாய் இந்தியாவை விட்டு வங்கி வழியாகப் போகவே இல்லை. அதை இங்கே வைத்துக்கொண்டு, அங்கே யாரோ ஒருவரின் பாட்டை என் கணக்கில் போட்டிருக்கிறார்கள். பச்சையாகச் சொன்னால் ஹவாலா. வரி என்று சொல்லி வாங்கிய 2,39,520 ரூபாயும் அவர்களிடமே தங்கிவிட்டது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் விளக்கம் கேட்டால் நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஆடிட்டர் சொன்னதிலிருந்து பல இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

செப்டம்பரில் வைப்புநிதி ஒன்றை முறித்து, என் வங்கிக் கிளையிலேயே ஏ2 படிவத்தில் கையெழுத்திட்டு, டாலராக, வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் அமைப்பு மூலம் அனுப்பினேன். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை இப்படி அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டமே இடம் கொடுக்கிறது. டிசிஎஸ் பிடித்தார்கள், அது வரிக் கணக்கில் திரும்ப வரும் பணம்தான். பாட்டாக மாற்றும் வேலையைத் தாய்லாந்து வங்கியிடமே விட்டேன். நான்காம் நாள் எஃப்டிடி என்ற குறியீட்டோடு ஒரே வரியில் முழுத் தொகையும் ஏறியது. இந்த முறை இந்தியாவிலிருந்தே மின்விசா பெற்றுக்கொண்டு போவதாக இருக்கிறோம்.

முகவர் மூலம் ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் இன்றே தங்கள் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். காலாண்டு முடிந்து சில வாரங்கள் ஆகியும் டிசிஎஸ் ஏறவில்லை என்றால், டிசிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழையும் ஸ்விஃப்ட் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் ஆடிட்டரிடம் போங்கள். நான் ஆர்டிஜிஎஸ் விவரங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இணைத்து மாநகரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். முகவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.