மூன்றரை நொடிப் புகழ்: ரோடரிக் பிளம்ப்டனுக்காகவே ஒரு புத்தகம்

ஹாரி பாட்டர் வரிசையை வரி வரியாகப் படித்தவர்கள்கூட 'குவிடிட்ச் த்ரூ தி ஏஜஸ்' பக்கம் போவதில்லை. அந்தக் கதைகளில் மந்திரவாதிகள் துடைப்பத்தில் பறந்தபடி ஆடும் குவிடிட்ச் விளையாட்டின் வரலாறு அது. கதையே இல்லாத புத்தகம் என்ற எண்ணம்தான் காரணம். இதில் கதைகள் நிறையவே இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான்.

காமிக் ரிலீஃப் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக 2001-ல் ஜே.கே. ரௌலிங் எழுதியது. அட்டையில் இருப்பதோ கென்னில்வொர்த்தி விஸ்ப் என்ற பெயர். ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளி நூலகத்துப் பிரதி என்ற பாவனையில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் முன்னுரையும், எடுத்துப் படித்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலும் உண்டு.

எனக்குப் பிடித்தவர் ரோடரிக் பிளம்ப்டன். டட்ஷில் டொர்னேடோஸ் அணியின் சீக்கர், அதாவது ஸ்னிட்ச் என்ற சிறு தங்கப் பந்தைத் தேடிப் பிடிப்பவர். வெளிர் நீல அங்கி, நெஞ்சிலும் முதுகிலும் கருநீலத்தில் இரட்டை 'டி'. 1921-ல் கேர்ஃபில்லி கேட்டபல்ட்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் மூன்றரை நொடியில் ஸ்னிட்சைப் பிடித்துவிட்டார். 150 புள்ளி, ஆட்டம் முடிந்தது. அணிகள் அத்தியாயத்தில் இந்தப் பிடியைப் பற்றி இவ்வளவுதான். ஆட்ட உத்திகள் பட்டியலுக்குப் போனால்தான் மீதி தெரியும். ஏதோ கவனமில்லாமல் வளைந்து பறப்பதுபோல் போய், ஸ்னிட்சைச் சட்டைக் கைக்குள் வாங்கிக்கொள்வதற்கு 'பிளம்ப்டன் பாஸ்' என்றே பெயர். அது தற்செயலாக நடந்தது என்று சில விமர்சகர்கள் சொல்ல, வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சாகும்வரை சாதித்திருக்கிறார் மனிதர்.

நான் பிளம்ப்டன் கட்சி. மற்றவர்கள் கற்றுக்கொண்டு திரும்பச் செய்யக்கூடிய ஒன்றை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. விதியும் அவர் பக்கம்தான்: சீக்கர் அல்லாதவர் ஸ்னிட்சைத் தொட்டால்தான் தவறு. ஒரு வீரரின் வாழ்நாள் வழக்கையே இரண்டு வரியில் வைத்துவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார் ஆசிரியர். இந்தச் சிக்கனம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

பிளம்ப்டனுக்கு நேர் எதிர், 1953-ல் ஹோலிஹெட் ஹார்ப்பீஸும் ஹைடல்பெர்க் ஹாரியர்ஸும் மோதிய ஆட்டம். ஏழு நாள் நீண்டது. கிளினிஸ் கிரிஃபித்ஸ் ஸ்னிட்சைப் பிடித்த பிறகுதான் ஓய்ந்தது. தோற்ற அணியின் தலைவர் ருடால்ஃப் பிராண்ட், துடைப்பத்திலிருந்து இறங்கிய கையோடு ஹார்ப்பீஸ் தலைவி குவெண்டலின் மார்கனைக் கல்யாணத்துக்குக் கேட்க, அவள் தன் துடைப்பத்தாலேயே ஒரு போடு போட்டாளாம்! இவர்களுக்கு நடுவே மான்ட்ரோஸ் மேக்பைஸின் யூனிஸ் மர்ரே வேறு. பிடிக்க ரொம்பச் சுலபமாக இருக்கிறது, இன்னும் வேகமான ஸ்னிட்ச் கொடுங்கள் என்று மனுப்போட்டவர்.

குறை என்றால், ஆசியாவுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. பறக்கும் கம்பள வியாபாரம் செழிக்கும் இந்தியா போன்ற நாடுகளின் மந்திர அமைச்சகங்கள் குவிடிட்சைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தெருவில் ரசிகர்கள் இருக்கிறார்களாம். அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் காட்டியிருக்கலாம்.

ஆண்ட்ரூ லிங்கன் வாசித்த ஒலிப்புத்தகம் 2018-ல் வந்தது. ஆனால் பிளம்ப்டன் போன்றவர்களைப் பிடிக்க முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருப்பதால், முதலில் அச்சுப் பிரதியை வாங்குங்கள்.