சீக்கோ 5 ஸ்போர்ட்ஸா, சிட்டிசன் ட்சுயோசாவா?

முப்பதாயிரம் ரூபாயைச் சுற்றி, தினமும் கட்டிக்கொள்ள ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாமல், கை அசைவிலேயே சாவி ஏறுவது) தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் வந்துதான் தடுமாறுகிறார்கள்: சீக்கோ 5 ஸ்போர்ட்ஸின் எஸ்ஆர்பிஇ வரிசை, சிட்டிசனின் ட்சுயோசா. முதலாவது 2020-இல் வந்தது, அடுத்தது 2022-இல். இரண்டும் ஜப்பான் கம்பெனிகள். இரண்டும் 40 மில்லிமீட்டர் அகலம். தடிமன் ஒன்றில் 11.5, மற்றதில் 11.7. இரண்டிலும் சாவி, அதாவது ஓரத்தில் திருகுகிற குமிழ், மூன்று மணிக்குப் பக்கத்தில் இல்லாமல் நாலு மணிக்கு நேராக ஒதுங்கியிருக்கிறது. இரண்டையும் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி வழியாக மெஷின் தெரியும். விலையும் சலுகையைப் பொறுத்து கொஞ்சம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்கு ஒரே ஒரு வாட்ச் என்றால் சீக்கோ. கண்ணாடி, நேரத் துல்லியம், செயினின் அழகு என மூன்று இடங்களில் ட்சுயோசா முந்துகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். சீக்கோவில் ஓடுவது 4ஆர்36 மெஷின், 24 கல் (சக்கர அச்சுகள் தேயாமல் சுழலப் பதிக்கும் சின்னக் கற்கள்). ட்சுயோசாவில் சிட்டிசனின் 8210, 21 கல். கல் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். தேய்மானம் உள்ள இடங்களில் கல் இருந்தால் போதும், இரண்டிலும் இருக்கிறது. இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. அதனால் விநாடி முள் பேட்டரி வாட்சைப் போல விநாடிக்கு ஒருமுறை குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முழுச் சாவி ஏறியிருந்தால், கழற்றி வைத்த பிறகு சீக்கோ ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும், சிட்டிசன் 40 மணி நேரம். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் வாக்கில் எதுவானாலும் நின்றுவிடும். இரண்டுக்கும் கையாலும் சாவி கொடுக்கலாம். சாவியை வெளியே இழுத்தால் விநாடி முள் நிற்கும், நேரத்தை விநாடி சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். பழைய சீக்கோ 5-களில் இருந்த 7எஸ்26 மெஷினில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. பழைய ஸ்டாக்கை மலிவாகத் தருகிறார்கள் என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தொடங்குவது ரோட்டரில். கை அசையும்போது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் அரைவட்டத் தகடுதான் ரோட்டர். சீக்கோவில் அது எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். 1959-இல் அவர்கள் கொண்டுவந்த 'மேஜிக் லீவர்' ஏற்பாடுதான் காரணம். கவை போல இரண்டு கை உள்ள ஒரு சின்னத் தகடு ஒரு பல்சக்கரத்தை அணைத்தபடி இருக்கும். ரோட்டர் ஒரு பக்கம் போகும்போது ஒரு கை பல்லைப் பிடித்து இழுக்கும். மறுபக்கம் வரும்போது இன்னொரு கை தள்ளும். இழுத்தாலும் தள்ளினாலும் சக்கரம் ஒரே திசையில்தான் நகரும். உதிரிப் பாகங்கள் குறைவு, கெட்டுப்போகவும் அதிகம் ஒன்றும் இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் இதே அடிப்படையை அவர்கள் மாற்றாமல் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மதிப்பு கூடுகிறது.

8210-இல் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும்தான் சாவி ஏறும். மறுபக்கம் சுமை இல்லாமல் சுழலும். கையைச் சட்டென்று திருப்பினால் 'கிர்ர்' என்று ஒரு சுழற்சி மணிக்கட்டில் தெரியும், அமைதியான அறையில் காதுக்கும் கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது என்று பயப்படுவது இதனால்தான். பழுது எதுவும் இல்லை, அந்த மெஷினின் இயல்பு அது. இன்னொன்றும் உண்டு. இந்தக் குடும்பத்து மெஷின்களில் விநாடி முள்ளுக்கு விசை நேரடியாகப் போகாமல் பக்கத்துச் சக்கரம் வழியாகப் போகிறது. அதனால் கை வேகமாக அசையும்போது முள் எப்போதாவது ஒரு கணம் தயங்கி ஓடும். ஓடும் நேரத்தை அது பாதிப்பதில்லை. ஆனால் விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கும் சுபாவம் உள்ளவருக்கு அது கண்ணில் படும், பட்டுக்கொண்டே இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் ஒரு பக்கம் மட்டும் ஏறும் ரோட்டர் போதுமா என்று கேட்கிறார்கள். போதும். காலையில் கட்டும்போது இருபது, முப்பது தடவை கையால் சாவி கொடுத்துவிட்டால் அன்றைக்குக் கவலை இல்லை.

நேரம் எவ்வளவு சரியாக ஓடும்?

இங்கே சிட்டிசனின் கை ஓங்கியிருக்கிறது. 4ஆர்36-க்குச் சீக்கோ தரும் உத்தரவாதம் ஒரு நாளைக்கு 35 விநாடி பின்னே முதல் 45 விநாடி முன்னே வரை. ட்சுயோசாவுக்குச் சிட்டிசன் சொல்வது 10 விநாடி பின்னே முதல் 20 விநாடி முன்னே வரை. மோசமான கணக்கில் சீக்கோ ஒரு வாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடிவிடலாம். சிட்டிசன் இரண்டரை நிமிடத்துக்குள் நிற்கும். நடைமுறையில் பெரும்பாலான 4ஆர்36-கள் அந்த எல்லைக்கு ரொம்ப உள்ளேயே ஓடுகின்றன. ஆனாலும் காகிதத்தில் எழுதிக்கொடுத்த உறுதி சிட்டிசனுடையதுதான் நல்லது.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் மெஷினிலேயே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. துடிப்பை அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. அதற்கு முன்பே நீங்கள் செய்துபார்க்க ஒரு வழியும் உண்டு. இரவில் வாட்சை முகம் மேலே பார்க்க வைப்பது, சாவி மேலே இருக்கும்படி பக்கவாட்டில் நிறுத்துவது, இப்படி வைக்கும் நிலையைப் பொறுத்து ஓட்டம் மாறும். ஒரு நிலையில் கூடுகிற விநாடி இன்னொன்றில் குறையும். ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் உங்கள் வாட்சுக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

கண்ணாடி, தண்ணீர்

ட்சுயோசாவில் சஃபையர் கண்ணாடி. சீக்கோவில் 'ஹார்ட்லெக்ஸ்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. கீறல் விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். நம் வீட்டுச் சுவர், மாடிப்படிக் கைப்பிடிச் சுவர், கடை வாசல் தூண் எல்லாம் மணல் கலந்த சிமெண்ட் பூச்சு. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற தாதுவின் கடினம், எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி அதற்குக் கீழே, சஃபையர் 9. அதாவது சுவரில் ஒருமுறை உரசினால் ஹார்ட்லெக்ஸில் கோடு விழ நிறைய வாய்ப்பு. சஃபையரில் அநேகமாக ஒன்றும் ஆகாது. பலமாக இடித்தால் உடையாமல் தாங்குவதில் ஹார்ட்லெக்ஸ் பரவாயில்லை என்றாலும், அன்றாடத்தில் நமக்கு நடப்பது உரசல்தான். ட்சுயோசாவின் கண்ணாடியில் தேதிக்கு மேல் ஒரு குமிழ் லென்ஸும் இருக்கிறது. சிலருக்கு அது உறுத்தல். நாற்பது வயதைத் தாண்டி, கிட்டப் பார்வை மங்கத் தொடங்கியவர்களுக்கு அது வரம்.

தண்ணீரில் கதை தலைகீழ். சீக்கோவுக்கு 100 மீட்டர், ட்சுயோசாவுக்கு 50 மீட்டர் தாங்குதிறன். இரண்டிலும் சாவி திருகி மூடும் வகை கிடையாது, உள்ளே அழுத்தி மூடுவதுதான். மழையில் பைக் ஓட்டுவது, கை கழுவுவது, பாத்திரம் துலக்குவது இதற்கெல்லாம் 50 தாராளம். கிணற்றில், குளத்தில், நீச்சல் குளத்தில் இறங்கும் பழக்கம் உள்ளவருக்கு 100 வேண்டும். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் போய் நிற்கும்போது இரண்டையுமே கழற்றிப் பையில் வைத்துவிடுவது நல்லது. மேலிருந்து விழுகிற தண்ணீரின் அடி வேறு கணக்கு.

இருட்டில் சீக்கோ தெளிவாக முந்துகிறது. எஸ்கேஎக்ஸ் என்ற அவர்களுடைய பழைய முக்குளிப்பு வாட்சின் முகம்தான் இதிலும், சுற்றும் வளையம் மட்டும் இல்லை. பெரிய பெரிய புள்ளிகள், தடித்த முட்கள், அத்தனையிலும் ஒளிரும் பூச்சு. இரவு பஸ்ஸில் கண் விழித்தால் மணி சட்டென்று தெரியும். ட்சுயோசாவிலும் ஒளிரும் பூச்சு உண்டு, மெல்லிய கோடுகளில் கொஞ்சமாக.

கிழமையும் தேதியும் சீக்கோவில் சேர்ந்தே தெரியும். 1963-இல் சீக்கோ 5 தொடங்கியபோது வைத்துக்கொண்ட ஐந்து அம்சங்களில் ஒன்று இது: கிழமையும் தேதியும் ஒரே சன்னலில். எனக்கு இது ரொம்பப் பயன்படுகிறது. விடுமுறையிலும் பயணத்திலும் முதலில் மறந்துபோவது கிழமைதான். ஆனால் வாட்ச் இரண்டு நாள் நின்றுபோனால் இரண்டையும் திருத்த வேண்டும். ட்சுயோசாவில் தேதி மட்டும் என்பதால் அந்த வேலை பாதி. எதை வாங்கினாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு மணிவரை தேதியைத் திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் தானாகத் திரும்பப் பற்களைக் கோத்துக்கொண்டிருக்கும். வற்புறுத்தினால் பல் உடையும். முள்ளைக் காலை ஆறு, ஏழு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

செயின், பெல்ட்

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ட்சுயோசாவில் வாட்சின் உடலும் செயினும் ஒன்றாக வார்த்தது போல் இறங்குகின்றன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. உடலின் விளிம்பில் ஒரு சாய்வு மெருகு, அதன் தொடர்ச்சியாகச் செயின் மணிக்கட்டைச் சுற்றி வழிகிறது. மஞ்சள், பச்சை, நீலம் என்று டயல் நிறங்களும் துணிச்சலாக இருக்கின்றன. கல்யாண வீட்டில் வேட்டி சட்டைக்குக் கட்டினால் நாலு பேர் கேட்பார்கள். சீக்கோவின் செயின் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகரம் போல லேசாக இருக்கிறது. கையை ஆட்டினால் சலசலக்கிறது. இதை மறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சித்திரை வெயிலில் அந்தச் செயின் வியர்வையில் ஒட்டும்போது, துணி பெல்ட்டுக்கு மாறலாம் என்று தோன்றும். சீக்கோவில் காதுகளுக்கு, அதாவது பெல்ட் மாட்டும் முனைகளுக்கு, நடுவே 20 மில்லிமீட்டர். எந்த ஊரிலும் கிடைக்கிற அளவு. நைலான், தோல், ரப்பர் என்று வெவ்வேறு பெல்ட் இரண்டு வாங்கிவைத்தால் போதும், ஒரே வாட்ச் ஆபீசுக்கு ஒரு முகம், வயல்வேலைக்கு ஒரு முகம் என்று மாறிக்கொள்ளும். ட்சுயோசாவில் அது முடியாது. சாதாரண பெல்ட் அதன் காதில் உட்காராது. அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததைத் தேடி வாங்க வேண்டும். பல வருடம் கழித்து ஒரு கண்ணி பழுதானாலும் சிட்டிசனின் அசல் உதிரியைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இப்போது மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீக்கோவின் குறைகள் என்னென்ன? கண்ணாடி, ஓட்டம், செயின். வாரன்டி முடிந்தபிறகு சஃபையர் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இந்த வரிசைக்குப் பொருந்துகிற கண்ணாடிகளைத் தனியாகவே விற்கிறார்கள். ஓட்டத்தை மெக்கானிக் சரிசெய்வார். நல்ல செயினும் தனியாகக் கிடைக்கும். ட்சுயோசாவின் குறைகள் என்னென்ன? 50 மீட்டர், சாதாரண பெல்ட் உட்காராத காது, குறைந்த ஒளி. இவற்றில் ஒன்றைக்கூடப் பிறகு பணம் கொடுத்து மாற்ற முடியாது. பத்து, பதினைந்து வருடம் கையில் இருக்கப்போகிற பொருளுக்கு எனக்கு இந்தக் கணக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, யார் ட்சுயோசாவை எடுக்க வேண்டும்? ஏற்கெனவே முரட்டு வேலைக்கு ஒரு வாட்ச் வைத்திருப்பவர். வருடம் முழுக்கச் செயின்தான் கட்டுவேன், பெல்ட் எனக்கு ஆகாது என்பவர். வாங்கிய நாளில் இருந்தே எதையும் மாற்றாமல் அப்படியே கட்டிக்கொண்டு போக நினைப்பவர். இவர்களுக்கு நான் தயங்காமல் சிட்டிசனைச் சொல்வேன். மெஷினின் நம்பகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1961-இல் பெங்களூரில் எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியதே சிட்டிசனின் கூட்டுறவில்தான். நம் அப்பா, தாத்தா காலத்தில் தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிய எச்எம்டி ஜனதா வாட்சின் பின்னணியில் இருந்தது அந்தத் தொழில்நுட்பம். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன.

பழுதுபார்க்கும் செலவில் இரண்டும் சமம் என்றே சொல்லலாம். 4ஆர்36-இன் உடன்பிறப்பான என்எச்36-ஐச் சீக்கோ மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிறது. 8200 குடும்பத்து மெஷின்களைச் சிட்டிசனின் மியோட்டா பிரிவு உலகம் முழுக்க விற்கிறது. இரண்டையும் திறந்து பார்க்காத மெக்கானிக் குறைவு.

கடையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு முட்களை ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவந்து, டயலின் குறிக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சீக்கோவில் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தின் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த விலையில் அது சில வாட்சுகளில் கொஞ்சம் விலகியிருக்கும், விலகியிருந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தேதியை 31 வரை ஓட்டிப் பாருங்கள், எண் சன்னலின் நடுவில் நிற்க வேண்டும். செயினைக் கடைக்காரரே கண்ணி கழற்றி அளவு செய்துதருவார். கழற்றிய கண்ணிகளையும் வாரன்டி அட்டையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் கடை முத்திரையும் வாங்கிய தேதியும் இருக்க வேண்டும்.