என் லிஸ்ட்: கண்மாயைத் தேடிப் போய் பீரங்கி வண்டியில் முட்டிக்கொண்ட அனுபவம்

எம்.ஏ. வரலாறு, கடைசி செமஸ்டர். ப்ராஜெக்ட் தலைப்பு குடிமராமத்து, அதாவது ஊரார் உழைப்பில் நீர்நிலைகளைப் பராமரிக்கும் முறை. எங்களுக்கு சிவகங்கைப் பக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் எந்தக் கண்மாய் பெருகியது, எது உடைத்துக்கொண்டது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அந்தத் தைரியத்தில் எடுத்த தலைப்பு. கைடு முதல் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு, "அடிக்குறிப்பு பூரா வலைப்பூவும் விக்கிப்பீடியாவுமா இருக்கு. ஆய்விதழ்க் கட்டுரை ஒண்ணு கூட இல்லையேம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கல்லூரி நூலகத்துக்குப் போனேன். இரண்டு வருடத்தில் அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நோ டியூஸ் கையெழுத்துக்காக.

"என் லிஸ்ட் ஐடி வாங்கிட்டியாம்மா?" என்று நூலகர் கேட்டார்.

"எந்த லிஸ்ட் சார்?"

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என் லிஸ்ட் (N-LIST) என்பது கல்லூரிகளுக்கான மின்னிதழ்ச் சேவை. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற யுஜிசியின் நூலக மையம் நடத்துகிறது. 6,000க்கு மேல் ஆய்விதழ்கள், ஏறக்குறைய 2 லட்சம் மின்னூல்கள். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தொகுப்புத் தளம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இதழ்கள், எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி எல்லாம் உண்டு. இதற்கு எங்கள் கல்லூரி கட்டிய ஆண்டுக் கட்டண ரசீதைக் காட்டினார்: ஜிஎஸ்டியோடு 5,900 ரூபாய். மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்து! எங்கள் வகுப்பு ஃபேர்வெல்லுக்கு பிரியாணி ஆர்டர் கொடுத்த கணக்கு இதைவிட அதிகம்.

நாமாகப் போய்ப் பதிவு செய்துகொள்ள முடியாது. நூலகர்தான் நம் பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்ற வேண்டும். பிறகு ஐடியும் பாஸ்வேர்டும் மெயிலில் வரும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். இது சின்ன வேலைதான். ஆனால் எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு படிவம், படிவத்துக்குத் துறைத்தலைவர் கையெழுத்து, துறைத்தலைவர் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார் என்று பதினொரு நாள் ஓடிவிட்டது. முதல் செமஸ்டரிலேயே வாங்கி வைத்திருக்க வேண்டியது.

கண்மாய்க்கு ஆங்கிலத்தில் 'டேங்க்'தானே என்று, ஐடி வந்த ராத்திரி ஜேஸ்டோருக்குள் போய் ஆங்கிலத்தில் 'டேங்க்', 'இந்தியா' என்று இரண்டு வார்த்தை அடித்தேன். வந்ததெல்லாம் போர். பீரங்கி வண்டிகள், 1965 யுத்தம், ராணுவ ஆய்வு. கண்மாய் ஒன்றுகூட முதல் பக்கத்தில் இல்லை. மறுநாள் நூலகரிடம் போய்ப் புலம்பினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மூன்று காரியம் செய்தார்.

முதலில் 'டேங்க் இரிகேஷன்' இரண்டையும் சேர்த்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டார். ராணுவம் அதோடு பின்வாங்கிவிட்டது. அடுத்து, 'இந்தியா'வுக்குப் பதில் 'தமிழ்நாடு' போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஆர்' (OR, 'அல்லது') என்று அடித்து 'மெட்ராஸ்' சேர்த்தார். "1969ல தானேம்மா பேரு மாறுச்சு? அதுக்கு முன்னாடி எழுதினவனுக்குத் தமிழ்நாடுன்னு ஒரு மாநிலம் வரப்போவுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். வரலாறு படிக்கிறவள் நான். அவர் நூலக அறிவியல். கூசிப்போனேன். மூன்றாவது, குடிமராமத்துக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். கடைசியில் வெறும் 'டி' வைத்து முடிப்பவர்கள் உண்டு, 'டிஹெச்' போடுபவர்கள் உண்டு, அதோடு ஒரு 'யு' ஒட்டுபவர்களும் உண்டு. பாதி வார்த்தை வரை அடித்து நட்சத்திரக் குறி வைத்தால் எல்லா வாலும் மாட்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டியதுதான் 1999இல் மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ் இதழில் மானிடவியலாளர் டேவிட் மாஸ் எழுதிய கட்டுரை. நம் கண்மாய்களைப் பற்றித்தான். என் முதல் அத்தியாயம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 'பண்டைக் காலந்தொட்டு ஊர் மக்கள் ஒன்றுகூடித் தம் நீர்நிலைகளைத் தாமே பராமரித்து வந்தனர்.' பத்து வலைப்பூவிலும் இதே வாக்கியம் இருந்தது, நானும் எழுதிவிட்டேன். மாஸ் அந்த வாக்கியத்தையே கேள்வி கேட்கிறார். ஊர் கூடிப் பராமரித்த பழைய மரபு என்ற அந்தச் சித்திரத்தில் காலனி நிர்வாகத்தின் கைவண்ணம் எவ்வளவு, இன்றைய வளர்ச்சித் திட்டங்கள் அதையே ஏன் பிடித்துத் தொங்குகின்றன என்று போகிறது வாதம். ஊரே தானாகச் செய்துகொண்டிருந்தது என்றால் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் அழுகையாக வந்தது. ஆனால் ப்ராஜெக்ட் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது இருக்கிறதென்றால் அது அந்தக் கிழிப்புக்குப் பிறகு வந்ததுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருக்காது. அது அவர்கள் ஏற்பாடு. 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மறுபடி தூசு தட்டியதே, அதைப் பற்றிய புதுக் கட்டுரைகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். எல்லாப் பதிப்பகமும் என் லிஸ்டுக்குள் கிடையாது. ஒரு வெளிநாட்டுத் தளம் ஒரே ஒரு கட்டுரைக்கு 37 டாலர் கேட்டது. கட்டுரையாளருக்கே நாலு வரி மெயில் போட்டேன். மூன்றாம் நாள் பிடிஎஃப் வந்துவிட்டது. நடுவில் அரசுக் கல்லூரியில் படிக்கும் தோழி வெறுப்பேற்றினாள். மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 முதல் அவர்களுக்கு 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். உதவி பெறும் கல்லூரி என்பதால் நாங்கள் அதில் இல்லை.

தமிழில் எழுதப்பட்டதைத் தேடுகிறவர்கள் என் லிஸ்டை நம்பி உட்கார வேண்டாம், பெரும்பாலும் வெளிநாட்டு ஆங்கில இதழ்கள்தான். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஐடியே வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, அதுவும் இலவசம். ஆனால் அங்கே அகப்படுவதெல்லாம் நல்ல ஆய்வேடு என்று நினைத்து இறங்காதீர்கள். நான் கடைசியில் உள்ள நூற்பட்டியலை மட்டும் முதலில் திறப்பேன். அங்கேயும் வலைப்பூவாக இருந்தால் மூடிவிடுவேன்.

மார்க் போடச் சொன்னால் என் லிஸ்டுக்கு ஐந்துக்கு நாலு. எங்கள் நூலகருக்குத் தனியாக ஐந்து. இந்த வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து கட்டுரைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 43. டி.சி. வாங்கிவிட்டால் ஐடியை நிறுத்திவிடுவார்களாம். நூலகர் ஜூன் வரை கண்டுகொள்ளமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.