மஞ்சள் எண், பச்சை எழுத்து: மாங்கோஷ் ஷெல் பற்றி

கூரியர் நிறுவனம் ஒன்றில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்சல் விவரமெல்லாம் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழைந்துவிட்டால் கைக்கு எட்டுவது மாங்கோஷ் ஷெல் (mongosh), அதாவது கமாண்ட் அடித்து மாங்கோடிபியிடம் கேட்கும் கருவி ஒன்றுதான். இரண்டு வருடமாகத் தினமும் அதில்தான் இருக்கிறேன். எனக்கு மனதுக்குப் பிடித்த கருவி அது. ஏன் என்று சொல்ல ஒரு நாள் கதை போதும்.

கோவை 641001 பின்கோடுக்கு அந்த மாதம் எத்தனை பார்சல் என்று கிளை மேலாளர் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்த எண்ணிக்கை அவர் நோட்டில் இருந்ததைவிட மிகக் குறைவு. "நல்லா பாருங்க தம்பி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கினது" என்றார். சரி என்று ஃபில்டர் எதுவும் இல்லாமல் வெறும் ஃபைண்ட் என்ற தேடல் கமாண்டைப் போட்டேன். 20 டாக்குமெண்ட் (பதிவுகள்) திரையில் வந்தன. சிலவற்றில் பின்கோடு மஞ்சளாக இருந்தது. சிலவற்றில் பச்சையாக, இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறியோடு இருந்தது. அந்த நொடியே பிடிபட்டுவிட்டது. மாங்கோஷ் எண்ணை மஞ்சளிலும், ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்தாகச் சேமித்ததைப் பச்சையிலும் காட்டும். எண்ணாகத் தேடினால் ஸ்ட்ரிங்காகக் கிடப்பது சிக்காது.

அப்புறம் பதிவுகளைத் தொகுத்துப் பார்க்கும் அக்ரிகேட்டில், மதிப்பின் வகையைச் சொல்லும் டாலர் டைப் ($type) வைத்து பின்கோடுகளை குரூப் செய்தேன். ஸ்ட்ரிங், இன்ட் (முழு எண்), கொஞ்சம் டபுள் (தசம எண்) என மூன்று வகை வந்தது. அந்த டபுள் எல்லாம் மாங்கோஷுக்கு முன்பிருந்த பழைய மாங்கோ ஷெல்லில் கையால் ஏற்றியவை. பழைய ஷெல் சும்மா அடித்த எண்ணை டபுளாகவே வைக்கும். மாங்கோஷ் முழு எண்ணை இன்ட்டாக வைக்கும். தேடும்போது இன்ட்டும் டபுளும் பொருந்திப் போகும், ஸ்ட்ரிங் மட்டும் ஒட்டாது. எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றி மறுபடி எண்ணினேன். மேலாளரின் நோட்டுதான் சரி.

பழைய ஷெல்லை மாங்கோடிபி 6.0 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். அதில் பழகியவர்கள் தயங்க வேண்டாம், கமாண்டுகள் பெரும்பாலும் அதேதான். மாங்கோஷ், நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்தின் மேல் கட்டியது என்பதால் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். டேப் விசையைத் தட்டினால், பதிவுகளின் தொகுப்பான கலெக்‌ஷன் பெயரை நிரப்பித் தரும். இதைக் கட்டாயம் பழகுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ஷெல் எச்சரிக்காது, இல்லாத கலெக்‌ஷனிலிருந்து காலியான பதில்தான் வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் டேட்டா அழிந்துவிட்டதோ என்று பதறியதைப் பார்த்திருக்கிறேன்.

குவெரி (தேடல்) மெதுவாக இழுக்கிறதென்றால், அது எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயினை எக்ஸிக்யூஷன் ஸ்டாட்ஸோடு ஓட்டுங்கள். 40 டாக்குமெண்ட் தர லட்சக்கணக்கில் புரட்டியிருந்தால், மேலே கால்ஸ்கேன் (COLLSCAN, எல்லாப் பதிவையும் புரட்டுவது) என்று நின்றால், அந்தத் தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ், அதாவது புத்தக அகராதி போன்ற பட்டியல், இல்லை என்று அர்த்தம். இண்டெக்ஸ் போட்டதும் அது ஐஎக்ஸ்ஸ்கேன் (IXSCAN, இண்டெக்ஸைப் பார்த்துத் தேடுவது) ஆகும்.

தேதியில் மட்டும் கவனம் வேண்டும். திரையில் வருவது யுடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜூன் 1 நள்ளிரவு 12 மணிக்கு நம் ஊரில் பதிவான பார்சல் மே 31, 18:30 என்று தெரியும். மாதக் கணக்கு எடுக்கும்போது வரம்பை முந்தைய மாதக் கடைசி நாள் 18:30-இலிருந்து வையுங்கள். இல்லாவிட்டால் முதல் தேதி விடியற்காலை லாரியில் வந்த சரக்கு முழுக்கப் போன மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.