ஆறு குளிர்காலம், ஒரே வில், அந்த ஒரு 'டிக்'

போன வாரம் இங்கே அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது அவனுக்கு. "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அதே வில்லு இப்ப விலை குறைஞ்சிருக்கு. சீசன் முடிய இன்னும் நாள் இருக்கே, எடுத்துடட்டுமா?" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் பதினான்கு கெஜத்தில் நின்ற ஒரு பெண்மானை அதே வில்லால் கோட்டைவிட்டிருந்தேன். போனில் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

62 அங்குலம், மூன்று துண்டாகக் கழற்றும் ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), மேப்பிள் கைப்பிடி, நாணை 28 அங்குலம் இழுக்க 45 பவுண்டு விசை. மற்ற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். எந்தக் கம்பெனி என்பதும் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் தொல்லை, மரக் கைப்பிடியில் லிம்ப்பை, அதாவது வளையும் கையை, போல்ட் போட்டு முடுக்கும் எந்த வில்லிலும் வரக்கூடியது.

ஒஹாயோவில் வில் சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் ஞாயிறு வரை நீளும். நான் அதிகம் போவது அதன் வாலில்தான். நவம்பர் நடுவில் இணைசேரும் பரபரப்பு அடங்கி, துப்பாக்கிக்காரர்களும் வந்து போன பிறகு, காடு காலியாக இருக்கும். தென்கிழக்கு மேடுகளில், வேய்ன் தேசியக் காட்டுப் பக்கம், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முழுக்க இன்னொரு மனித முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். மான்கள் அந்த நேரத்தில் இரண்டு விஷயத்துக்காக மட்டும் நகரும்: தீனி, வெயில். வெள்ளை ஓக்கின் கொட்டைகள் இலையுதிர் காலத்திலேயே முளைத்தோ தின்னப்பட்டோ தீர்ந்துபோகும். சிவப்பு ஓக் கொட்டையில் கசப்பு அதிகம், முளைப்பதும் வசந்தத்தில்தான். அதனால் கடைசிவரை பனிக்கடியில் கிடக்கும். தெற்கு பார்த்த சரிவில் சிவப்பு ஓக் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கஷ்டம். மரத்தில் இலை கிடையாது, மறைய இடம் கிடையாது. இரண்டு துப்பாக்கி சீசனைத் தாண்டி உயிரோடு இருக்கும் மான் எதையும் நம்பாது. தனியாகவும் வராது. ஐந்தாறு சேர்ந்து வரும், அத்தனை ஜோடிக் கண்ணும் காதும் வேலை செய்யும்.

அன்றைக்கு 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 9 செல்சியஸ். விழுந்துகிடந்த ஓக் மரத்தின் வேர்க்கட்டுக்குப் பின்னால் மதியம் இரண்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். வெயில் சாய்ந்ததும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும் என்பதால், மான் தடத்துக்குக் கீழே இடம் பிடித்திருந்தேன். நாலரைக்கு ஐந்து பெண்மான்கள் வந்தன. முன்னங்காலால் பனியைப் பறித்து, மூக்கை உள்ளே விட்டு, கொட்டையை எடுத்து மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. நறுக் நறுக்கென்று, நம் வீட்டில் யாரோ பொரிகடலை மெல்வதுபோல. குளிர்கால முடி சாம்பல் நிறத்தில் சிலிர்த்து, ஒவ்வொன்றும் அதன் உண்மையான அளவைவிடப் பருமனாகத் தெரிந்தது. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே இருந்தது. உடம்புச் சூடு வெளியே கசியாத அளவுக்கு அந்த முடிக்குள் காற்று அடைபட்டிருக்கிறது.

இரண்டாவதாக வந்த மான் பதினான்கு கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. தலை ஒரு மரத்துக்குப் பின்னால். இதற்குமேல் ஒரு வில்லாளிக்கு என்ன வேண்டும்? மூச்சைப் பிடித்து இழுத்தேன். நாண் தாடையை நெருங்க இரண்டு அங்குலம் இருக்கும்போது, கீழ் லிம்ப் மூட்டில் 'டிக்'.

அவ்வளவுதான் சத்தம். பால்பாயின்ட் பேனாவை ஒருதடவை அழுத்தினால் வருமே, அது. ஐந்து தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூத்தது முன்னங்காலை ஓங்கித் தரையில் அடித்தது. அடுத்த கணம் ஐந்து வெள்ளை வாலும் மேலே போய்க்கொண்டிருந்தன. நான் அம்பை விடவில்லை. உஷாரான மானின் மேல் விட்டால் எங்கே படும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாணைத் தளர்த்திக் கீழே இறக்கும்போது கை நடுங்கியது. அதில் குளிரின் பங்கு கொஞ்சம்தான்.

"நாண் விடும்போது வராத சத்தமா, இந்த டிக்குக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று தம்பி கேட்பான். கணக்கைப் பார். என் அம்பு நொடிக்குச் சுமார் 160 அடி போகும். பதினைந்து கெஜம் கடக்க கால் நொடிக்குச் சற்று அதிகம். நாணொலி மானை எட்டி, அது துணுக்குற்றுக் குனிய ஆரம்பிப்பதற்குள் அம்பு கிட்டத்தட்ட போய்விட்டிருக்கும். அதனால்தான் தூரத்தை இருபது கெஜத்துக்குள் வைக்கிறோம். ஆனால் இந்த டிக் வருவது அம்பை விடுவதற்கு முன்னால், இழுக்கும்போதே. மானுக்கு ஒரு முழு நொடி இனாமாகக் கிடைக்கிறது. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லாக இருந்தால் முழு இழுப்பில் கை தாங்கும் விசை குறைந்துவிடும், மான் அமைதியாகும்வரை பிடித்துக்கொண்டு நிற்கலாம். ரிகர்வில் முழு இழுப்பில்தான் முழு விசை. தடித்த கோட்டுக்குள், விறைத்த விரல்களோடு, இரண்டு நொடிக்குமேல் பிடித்தால் எனக்குக் குறி ஆட ஆரம்பித்துவிடும்.

இந்தச் சத்தம் அக்டோபரில் ஒருதடவைகூட வந்ததில்லை. ஆறு வருடமும் டிசம்பர் பாதியில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு வருடம் குளிரால் என்று நினைத்தேன். காரணம் அதைவிட வீட்டு ஹீட்டர்தான் என்று இப்போது நம்புகிறேன். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எலும்பு காய்ந்ததுபோல இருக்கும். நான் வில்லைத் தொங்கவிட்டிருந்த ஆணி, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரில். மரம் ஈரத்தை இழந்து சுருங்குகிறது, கண்ணாடி இழை பூசிய லிம்ப் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. மூட்டு ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பாரம் ஏறும்போது அந்த மூலை நழுவி உட்கார்கிறது. அதுதான் டிக்.

சும்மா ஊகிக்காமல் பார்த்தேன். லிம்ப்பைக் கழற்றி, அடிப்பகுதி முழுக்க மென்மையான பென்சிலால் தேய்த்து, மறுபடி மாட்டி, நாணேற்றி இருபதுதடவை இழுத்துவிட்டுப் பிரித்தேன். கைப்பிடியில் லிம்ப் உட்காரும் பள்ளத்தின் வலது ஓரத்தில், அரைக் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

இதற்கு முன்னால் செய்த வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகு தடவினால் வீட்டுக்குள் சத்தம் போய்விடும், காட்டுக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் மெழுகு கெட்டியாகி மறுபடி வந்துவிடும். நான் ஏமாந்தது இதில்தான். சோதனையை வெதுவெதுப்பான அறையில் செய்து, சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பியிருக்கிறேன். ஒரு வருடம் மெல்லிய தோல் துண்டு வைத்தேன். சத்தம் நின்றது, ஆனால் லிம்ப்பின் கோணம் மாறி, அம்பு நாலு விரற்கடை உயரப் போனது. போல்ட்டை இன்னும் இறுக்கினேன். அது மரத்தைத்தான் வருத்தும். இப்போது பென்சில் கரியையே மருந்தாக வைத்திருக்கிறேன், அது குளிரில் கெட்டியாவதில்லை. உயர்ந்திருந்த மூலையை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாக, மூன்றே மூன்று இழுப்பு தேய்த்தேன்.

சரி, இந்த வில்லுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். எடை சுமார் ஒரு கிலோ. கழற்றினால் முதுகுப்பைக்குள் போகும். உறைந்த ஓடையைத் தாண்டும்போது அதன் அருமை தெரியும். ஆறு வருடத்தில் லிம்ப் முறுக்கிக்கொள்ளவில்லை, நாண் மட்டும் மூன்று மாற்றியிருக்கிறேன். தடித்த சட்டைக்கை நாணில் அடிக்கும் பிரச்சினை எல்லா வில்லிலும் உண்டு. கைக்காப்பைக் கோட்டுக்கு மேலேயே கட்டினால் தீர்ந்தது. வான்கோழி இறகு வைத்த அம்பு ஈரப்பனியில் படிந்துபோகும், அதற்குப் பொடி இருக்கிறது. கோட்டு தடித்தால் இழுப்பு ஓர் அங்குலம் குறையும், ஓர் அங்குலத்துக்கு இரண்டரைப் பவுண்டு போல விசையும் குறையும். இந்த மாநிலத்தில் வில் 40 பவுண்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. அதனால் தம்பி, எடுப்பதானால் 40ஐ எடுக்காதே, 45 எடு.

இரண்டாவது வருடம் டிசம்பர் இறுதியில் இதே வில் எனக்குக் கொடுத்ததை மறக்க மாட்டேன். பன்னிரண்டு கெஜம், சத்தமே இல்லாத இழுப்பு. அம்பு ஊடுருவிப் போய் அந்தப் பக்கம் உறைந்த மண்ணில் குத்தி நின்று, இறகு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. மான் ஒருதடவை துள்ளிவிட்டு, என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தது. அறுபது கெஜம் நடந்து படுத்துக்கொண்டது. பனியில் இரத்தத் தடம் கயிறு பிடித்ததுபோல நேராக இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது. வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த முதுகுக்கறியில் என் மனைவி செய்த மிளகு வறுவலைச் சாப்பிட்டவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

ஊரில் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள், எனக்குத் தெரியும். அங்கே இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே நிலைமை வேறு. ஓநாயும் மலைச்சிங்கமும் இந்த மாநிலத்திலிருந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன, மான் பெருகி இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது, உரிமம் கொடுத்து அரசே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது. அந்த உரிமத்தோடு ஒரு கடமையும் வருகிறது: மானுக்கு வேதனை நீளக் கூடாது. நான் அந்த டிக்கின் மேல் இவ்வளவு கொதிப்பதற்கு அதுவும் காரணம். அன்றைக்கு அவசரப்பட்டு நாணை விட்டிருந்தால், வயிற்றில் அம்போடு ஒரு மான் இந்தக் குளிரில் இரவு முழுக்க நடந்திருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அக்டோபரில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றிருப்பேன். இன்றைக்குக் கேட்கிறாய். வாங்காதே. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, மூட்டே இல்லாத ஒற்றைத் துண்டு வில்லாகப் பார். முதுகுப்பைக்குள் போகாது, காருக்குள் இடிக்கும், பரவாயில்லை. ஜனவரியில் பதினான்கு கெஜத்தில் மான் நிற்கும் அந்த இரண்டு நொடிக்காகத்தான் மற்ற பதினொரு மாதமும் பயிற்சி செய்கிறோம்.

"அப்ப உங்களுதை வித்துடுவீங்களா அண்ணா? நான் எடுத்துக்கறேன்" என்று நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். இல்லையடா தம்பி, விற்க மாட்டேன். நேற்று ராத்திரி அதை ஹீட்டர் சுவரிலிருந்து எடுத்து கராஜில் மாட்டிவிட்டேன். காலை ஆறு மணிக்கு, அங்கே 18 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு முப்பதுதடவை இழுத்தேன். காதை லிம்ப்பருகே சாய்த்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சீசன் முடிய இன்னும் இரண்டு வாரக்கடைசி இருக்கிறது. சனிக்கிழமை அதே ஓக் சரிவுக்குத்தான் போகிறேன், காற்று மட்டும் வடக்கிலிருந்து வர வேண்டும்.