பழைய கிராங்க், புது செயின்ரிங், அதே இறுக்கம்

என் சைக்கிளின் செயின்ரிங்கை, அதாவது கிராங்கோடு (பெடல் மாட்டும் தண்டு) சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தை, புதிதாக மாற்றியாகிவிட்டது. செயின் இன்னும் அதே இடத்தில்தான் இறுகுகிறது. வலது கிராங்க் மேலே ஏறி முன்பக்கம் சாயும்போது விறைத்துக்கொள்கிறது, அங்கிருந்து அரைச் சுற்று போனதும் தொங்கிவிடுகிறது. முன்பு இருந்ததில் பாதி அளவுதான் இப்போது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஃபிக்ஸட் கியரில், அதாவது சக்கரம் சுழலும்வரை பெடலும் நிற்காமல் சுழலும் சைக்கிளில், அந்தப் பாதியே காலுக்கு நன்றாகத் தெரிகிறது.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பழைய ஸ்டீல் ரோடு ஃப்ரேம், தனியாகக் கிடைத்த ட்ராக் ஹப் (ஃபிக்ஸட் கியருக்கான பின்சக்கர மையப் பாகம்), செயின்ரிங்கைத் தாங்க ஐந்து கையுள்ள ரோடு கிராங்க், முன்னால் 46-க்குப் பின்னால் 17 பல், முன்பக்கம் ஒரு பிரேக். செயின், டயர், ட்யூப், பிரேக் கட்டை, இப்போது மாற்றிய செயின்ரிங் தவிர எல்லாமே யாரோ ஓட்டிக் கழற்றிய பாகங்கள். கட்டி முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. அநேகமாக தினமும் ஓடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் போனால் கோபத்தில் விட்டுப்போகும். ஃப்ரேம் அருமை. பின்சக்கர ஹப் உட்காரும் இடத்தின் அகலம் 126 மி.மீ., ஆறு ஏழு கியர் காலத்து அளவு. ட்ராக் ஹப்புக்கு வேண்டியது 120. ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 3 மி.மீ. நெருக்கி வளைத்துக்கொள்ள முடிந்தது. அலுமினியத்திலோ கார்பனிலோ இந்த வேலையை நினைத்தே பார்க்கக் கூடாது. அதைவிட முக்கியம், ஆக்சில் உட்காரும் டிராப்அவுட் படுக்கைவாட்டில் திறந்திருக்கிறது. சக்கரத்தைப் பின்னால் இழுத்து செயினை இறுக்க அந்த இடம்தான் உதவுகிறது. நேர்க்குத்தாகத் திறந்த டிராப்அவுட் உள்ள ஃப்ரேமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

ஹப்பும் சொக்கத் தங்கம். பேரிங்கை அணைத்துப் பிடிக்கும் கோனைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்தபோது, பால்ரஸ் உருளும் கப்பில் ஒரு குழிகூட இல்லை. புது பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்து, ஆட்டம் போகும்வரை கோனைத் திருகியதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ரிம்மில் கோட்டம் எடுக்க மட்டும் எப்போதாவது ஸ்போக் சாவி வெளியே வரும்.

ஓட்டும் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் இந்தப் பல் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 31 கி.மீ. வேகம். ஃப்ரீவீலின் டிக்டிக் கிடையாது, கியர் மாறும் சத்தம் கிடையாது, டயர் தரையில் உரசுவது மட்டும் கேட்கும். ஈரத்தில் பின்சக்கரம் பிடி விடப்போகிறது என்றால் அதைக் கால்தான் முதலில் உணரும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே மிதியில் அடக்கம். இதற்குப் பழகியபின் கியர் சைக்கிளில் ஏறினால் இறக்கத்தில் கால் சும்மா நிற்பதே என்னவோபோல் இருக்கிறது.

இவ்வளவு நேரடியான இணைப்பு என்பதால்தான் அந்த இறுக்கமும் நேரே வந்து காலில் சேர்கிறது. மிதிக்கும்போது செயினின் மேல்பக்கம் விறைப்பாக இருக்கும். வேகம் குறைக்கக் காலைப் பின்னுக்கு அழுத்தியதும் கீழ்ப்பக்கம் விறைக்கும். இந்த மாற்றத்தில் செயினில் உள்ள தளர்வு கீழிருந்து மேலாகத் தாவும். தளர்வு கொஞ்சம் என்றால் தெரியாது. அதிகம் என்றால் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஓர் அடி. சரி, செயினை இன்னும் இழுத்துக் கட்டிவிடலாமே என்றால், இறுக்கமான இடத்தில் அது கம்பிபோல் விறைத்து பாட்டம் பிராக்கெட்டையும் (கிராங்க் அச்சின் பேரிங்) ஹப் பேரிங்கையும் தின்ன ஆரம்பிக்கும், முனகலும் வரும். தளர்வாகவே விட்டால் ஒரு குலுக்கலில் செயின் கழன்று, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேடிக் கட்ட வேண்டும், அந்த நடு இடம் இந்தக் கிராங்கில் மிகக் குறுகலாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். செயின்ரிங்கின் மையம் கிராங்க் அச்சிலிருந்து கால் மி.மீ. விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறுக்கமான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் தேவைப்படும் செயின் நீளத்தில் 1 மி.மீ. வித்தியாசம் வரும். முன்னும் பின்னும் உள்ள பல்சக்கரங்களுக்கு நடுவே செயின் ஓடுவது சுமார் 400 மி.மீ. தூரம். அந்தத் தூரத்தில் 1 மி.மீ. நீளம் கூடினால் நடுவில் விரலால் தள்ளும்போது ஏறத்தாழ 14 மி.மீ. நகரும். கண்ணுக்கே தெரியாத கால் மி.மீ. பிசகு, செயினில் ஒன்றரை சென்டிமீட்டர் தொங்கலாக வந்து நிற்கிறது.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் ஒரே இடத்துக்கு வரும்போது வந்தால் பிரச்சினை முன்பக்கம். ஒரு சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை வந்தால் பின்னால் உள்ள சின்னப் பல்சக்கரம். இரண்டு சுற்றுக்கு மேல் ஒருமுறை, இடம் மாறி மாறி வந்தால் செயினிலேயே எங்கோ தேய்மானம். எனக்கு வந்தது முதல் வகை. அப்புறம் செயின்ரிங்கைக் கழற்றி ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டினேன். ரிங் மட்டும்தான் காரணம் என்றால் இறுக்கமும் 72 டிகிரி தள்ளிப் போயிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியது, முழுக்க இல்லை. கிராங்கைக் கழற்றி, அது மாட்டும் அச்சான ஸ்பிண்டிலில் கால் சுற்று திருப்பி மாட்டியும் பார்த்தேன். கிராங்கோடு சேர்ந்தே இறுக்கம் வந்தது. ஆக ஸ்பிண்டில் நிரபராதி. ரிங்கில் பாதி, கிராங்கின் கைகளில் பாதி. ரிங்கை மாற்றியதும் பாதி போனதற்கு இதுதான் காரணம்.

இதற்குப் பெரும்பாலானவர்கள் செய்யும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. ரிங்கின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி விரலால் திருகும் அளவுக்கு விட வேண்டும். கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, விறைத்த செயினை ஒரு ஸ்பேனரால் லேசாகத் தட்ட வேண்டும். ரிங் மயிரிழை நகரும். மறுபடி சுற்றி, அடுத்த இறுக்கமான இடத்தில் மறுபடி தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக போல்ட்டை முறுக்க வேண்டும். நல்ல கிராங்கில் பொறுமையாகச் செய்தால் இறுக்கம் அநேகமாக மறைந்துவிடும். என் கிராங்கில் ரிங் உட்காரும் விளிம்புப் படி அவ்வளவு கச்சிதம், தட்டினாலும் நகர இடமே இல்லை. படியை அரத்தால் ராவலாம் என்று சிலர் சொல்வார்கள். பாரம் தாங்கும் பாகத்தில் அரம் வைக்க எனக்கு மனம் இல்லை.

இந்த வேலையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சக்கரம் சுழலும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், துணியால் துடைப்பதற்குக்கூட வேண்டாம். கையை எடுத்தாலும் சக்கரம் செயினை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பல்லுக்கும் செயினுக்கும் நடுவே போன விரல் திரும்பி வராது.

கிராங்கை விற்றவர்மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர் அதைக் கியர் சைக்கிளில் ஓட்டியிருக்கிறார். அங்கே கியர் மாற்றும் டெரெய்லரின் ஸ்பிரிங் எல்லாத் தளர்வையும் விழுங்கிவிடும். கால் மி.மீ. பிசகு அவருக்குத் தெரிய வாய்ப்பே கிடையாது. பழைய ரோடு பாகங்களில் எனக்கு உறுத்துவது இதுதான். கீறல் இல்லை, மரை சுத்தம், பளபளப்பு, ‘நன்றாக ஓடியது’ என்ற வாக்குமூலம், எல்லாம் உண்மையாகவே இருக்கும். அந்தப் பாகம் ஃபிக்ஸட் கியரில் ஓடியதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னைப் போலவே பழைய பாகங்களில் கட்டலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருக்காகச் சில விஷயங்கள். ஹப்பின் மரையை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல்சக்கரம் ஏறும் மரைக்குப் பக்கத்தில், அதைவிடச் சிறிதாக, எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு மரை இருக்க வேண்டும். பல்சக்கரம் கழலாமல் பூட்டும் லாக்ரிங் ஏறும் இடம் அது. அது இல்லாத சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரத்தை ஏற்றி, மேலே பாட்டம் பிராக்கெட் லாக்ரிங்கைத் திருகி விற்பவர்கள் உண்டு. மரை அளவு ஒன்றுதான் என்பதால் அழகாக ஏறும். பின்னுக்கு அழுத்தி வேகம் குறைக்கும்போது மொத்தமாகக் கழன்றும் வரும். தொடாதீர்கள். உண்மையான ட்ராக் ஹப்பிலும் பெரும்பாலானவற்றின் லாக்ரிங் அளவு 1.29 அங்குலம், காம்பக்னோலோ ஹப்பில் 1.32. மாற்றிப் போட்டால் மரை போச்சு. 1970-களின் கடைசியில் ஷிமானோவின் டூரா-ஏஸ் பாக வரிசையில் 10 மி.மீ. பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம்) செயின் ஒன்றும் வந்தது. அந்தச் செயின்ரிங்கில் சாதாரண 12.7 மி.மீ. செயின் உட்காராது. 48-க்கு 16 என்று கட்டிய சைக்கிள் கிடைத்தால் பல்சக்கரத்தை மாற்றத் தயாராக இருங்கள். ஸ்கிட் அடிக்கும்போதெல்லாம் (காலால் பெடலை நிறுத்திப் பின்சக்கரத்தைச் சறுக்கவிடும்போது) டயர் ஒரே இடத்தில் தேயும். 17 பல் போட்டால் தேய்மானம் 17 இடங்களில் பிரியும். முன் பிரேக்கைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

கட்டலாமா என்பதற்கு இன்றைக்கு என் பதில், வேண்டாம். ஃப்ரேம், ஹேண்டில்பார், சீட், முன்சக்கரம் வரை பழையது சரி. கிராங்கும் அதைத் தொடும் எதுவும் பழையதாக வேண்டாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் முழுதாகக் கட்டிய புது ட்ராக் சைக்கிளே வாங்கிவிடுங்கள், இதே சுகம் கிடைக்கும். இந்தச் சைக்கிளை அவரே விலைக்குக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கிராங்கை மாற்றுவது என்று முடிவு. 165 மி.மீ. நீளம் வேண்டும். வளைவிலும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய சைக்கிளில் நீளக் கிராங்க் என்றால் பெடல் தரையில் இடிக்கும். ஸ்பிண்டில் முனையின் சரிவில் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு தரங்கள் உண்டு, என்னுடையது ஜே.ஐ.எஸ். அதில் ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஏற்றினால் சுமார் நாலரை மி.மீ. வெளியே நிற்கும், செயின் நேர்கோட்டில் ஓடாது. இரண்டும் பொருந்துவது கிடைக்கும்வரை இறுக்கமான இடத்தில் செயினுக்கு ஒரு விரல் அசைவு விட்டுக் கட்டியிருக்கிறேன். தளர்ந்த இடத்தில் அது தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான்.